கோல் விழுந்தால் கை தூக்குகிறவர்

என் வீட்டுக்காரர் பஞ்சநாதனைப் போல ஒரு மனுஷனை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால், வாசலில் உட்கார்ந்திருக்கிற மனுஷன், "நாந்தான் கூப்புட்டு ஒன் கவனத்தக் கெடுத்துட்டேன்" என்பார். பஸ்ஸை விட்டுவிட்டால், "நாந்தான் மெதுவா நடந்துட்டேன்" என்பார். கல்யாணமான புதிதில் எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. போகப் போக எரிச்சலாகிவிட்டது. சண்டை போடலாமென்று வாயைத் திறப்பதற்குள் தோற்றுப்போய் நிற்கிற ஆளோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

பாடாலூரில் ஹைவே ஓரமாக அவருக்குப் பஞ்சர் கடை. ஒட்டினாற்போல எனக்கு இட்லிக் கடை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டையும் என் தலையில் கட்டிவிட்டு, அரை டிரவுசரை மாட்டிக்கொண்டு ஃபுட்பால் ஆடக் கிளம்பிவிடுவார். தலையில் பாதி நரை. கூட ஆடுகிறதெல்லாம் நேற்று மீசை முளைத்த பையன்கள். கோலுக்கு முன்னால் வலது பக்கம் நின்று எதிராளியை மறிக்கிற வேலை இவருக்கு. கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள், மறித்தவனை யார் தூக்கப்போகிறார்கள்? டீமுக்கு ஒரு தடவை ஃபிளெக்ஸ் அடித்தார்கள். எல்லோர் முகமும் பளிச்சென்று இருந்தது. இவர் முகத்தின் மேல் மட்டும் ஜவுளிக்கடை விளம்பரம் ஏறி உட்கார்ந்திருந்தது. "ஓரமா நின்னது என் தப்பு" என்று அதற்கும் சிரித்தார்.

மைதானத்திலும் இதே கதைதான். கோல் விழுந்த மறு நொடி இவர் கை மேலே போய்விடும். "எம்மேலதான்டா தப்பு, வுடு வுடு, பந்த நடுவுல வை!" எங்கோ தூரத்தில் நின்றிருப்பார், அப்போதும் இதேதான். அதனால் இவர்தான் டீமிலேயே மோசமான ஆட்டக்காரர் என்று ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னால் நானும் நம்பினேன்.

போன மாதம் ஆலத்தியூர் டீமோடு ஆடியபோது கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். "எப்படிங்க ஆச்சு?" என்று பதறினேன். "பந்தப் பாக்காம தடுக்கி வுழுந்துட்டேன்" என்றார். மாவுக்கட்டு போட்டு, காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குத்துக்காலிட்டு உட்காராமல் எந்த டயரைக் கழற்றுவது? பஞ்சர் கடைக்குப் பூட்டு போட்டாயிற்று. கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டா விளையாடினீர்கள் என்று வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார்.

டீமில் ஒருவரும் பெரிதாக வருத்தப்படவில்லை. பெரம்பலூர் காலேஜில் படிக்கிற வேகமான பையன் ஒருவனை இவர் இடத்தில் போட்டார்கள். மான் மாதிரி ஓடுவானாம். அடுத்த ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினார்கள். அதற்கடுத்ததில் நான்கு. கோல்கீப்பர் மதுரைவீரனுக்கும் தடுப்பு ஆட்டத்தில் நடுவே நிற்கிற அறிவரசனுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று கேள்விப்பட்டு, இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இப்புடியே போனா டீம் கலஞ்சுரும் பிரவீணா. அரியலூர்க்காரனுவளோட பெரம்பலூர்ல மேட்ச் இருக்கு. இதுலயும் அடிச்சுக்கிட்டானுவன்னா அதோட முடிஞ்சுது. என்னய ஒரு எட்டு அழச்சுட்டுப் போயேன்."

"நீங்க போயி என்னத்தக் கிழிக்கப்போறீங்க? அவனுவ எக்கேடோ கெட்டுப் போறானுவ."

"நம்ம பையனுவடி" என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஸ்கூட்டியில் பின்னால் ஒருக்களித்து உட்காரவைத்து, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொள்ளச் சொல்லி, லாரிக்கு லாரி ஒதுங்கி ஒதுங்கி ஓட்டிக்கொண்டு போனேன்.

மைதானக் கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்தேன். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் முதல் கோல் விழுந்தது. "ஏன்டா முன்னால ஏறிப் போன?" என்று மதுரைவீரன் கத்தினான். "நீ ஏன்டா வெளிய வரல?" என்று அறிவரசன் கத்தினான். காலேஜ் பையன் இரண்டு பேருக்கும் நடுவில் பேந்தப் பேந்த விழித்தான். பந்தை நடுவில் வைத்து ஆட்டம் மறுபடி ஆரம்பித்தாயிற்று. இவர்கள் இன்னும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அரியலூர் பையன் ஒருவன் நடுவே புகுந்து ஓடிவந்து இரண்டாவது கோலையும் போட்டான்.

"எவனாச்சும் ஒருத்தன் கையத் தூக்குங்கடா" என்று என் பக்கத்தில் இவர் முனகினார். எனக்கு அப்போதுதான் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷன் கோல் விழுந்ததும் பழியை வாங்கிக்கொண்டதால்தான், மற்றவர்கள் அடுத்த பந்தைப் பார்த்திருக்கிறார்கள்.

இடைவேளையில் அறிவரசன் ஜெர்சியைக் கழற்றித் தரையில் வீசினான். "நீயாச்சு ஒன் டீமாச்சு, நான் வூட்டுக்குப் போறேன்" என்றான். மதுரைவீரன் அவன் மேல் பாய்ந்தான். இவர் ஒற்றைக் காலில் எழுந்திருக்கப் பார்த்துத் தடுமாறினார். எனக்கு வந்ததே கோபம்!

"வெக்கமா இல்ல ஒங்களுக்கு? எங்க வூட்டுக்காரரு ஆடுனவரைக்கும் எல்லாப் பழியையும் அவரு தலையில கட்டுனீங்க. இப்ப அவரே தடுக்கி வுழுந்து காலொடிஞ்சு கெடக்காரு. பழியப் போட ஆளு இல்லாம ஒருத்தன ஒருத்தன் கடிச்சுக்கிறீங்களா?"

மதுரைவீரன் அப்படியே நின்றான். "அண்ணன் தடுக்கி வுழல, அண்ணி" என்றான்.

"டேய், சும்மா இர்றா" என்றார் இவர்.

"இல்லண்ணே. நாந்தான் அண்ணி. எகிறிப் பந்தப் புடிக்க வந்து அண்ணன் கால் மேலயே வுழுந்தேன். அவரு எனக்கு வழி வுட்டுதான் நின்னாரு. எம்மேலதான் தப்பு." சொல்லிவிட்டு அத்தனை பேர் முன்னாலும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

நான் இவரைப் பார்த்தேன். திருடி மாட்டிக்கொண்டவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். அடப்பாவி மனுஷா! ஒரு மாதமாக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாரே. ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஊர் பார்க்கிறதே என்று அடக்கிக்கொண்டேன்.

அறிவரசன் குனிந்தான். ஜெர்சியை எடுத்து மண்ணை உதறி மாட்டிக்கொண்டு, "ரெண்டாவது கோலு என் தப்பு" என்றான். மதுரைவீரனின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு அரியலூர்க்காரர்கள் என்ன முட்டியும் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. எங்கள் பக்கம் ஒன்று போட்டார்கள். ஆட்டம் கைவிட்டுப் போனது போனதுதான். ஆனாலும் எல்லோரும் ஒரே லோடு ஆட்டோவில் ஏறி, இடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இவர் என் வண்டியில் ஏறினார்.

பெரம்பலூரைத் தாண்டியதும் கேட்டேன். "என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"அவன் வூட்டு வாசல்லயே போயி நின்னு, நாறடிச்சிருப்பேன். இனிமே பந்தப் பக்கமே வராத மாதிரி பண்ணியிருப்பேன்."

"அதான்" என்றார் பின்னாலிருந்து. "அப்பறம் கோலுல யாருடி நிக்கிறது?"

பாடாலூர் போய்ச் சேருகிறவரை அவரை நான் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. மனுஷன் பயந்துபோய், வழியில் இரண்டு தடவை, "ஒடம்புக்கு ஏதும் பண்ணுதாடி?" என்று கேட்டார்.