ஜாகா என்று சொன்னவர்

வாலாஜாபேட்டைச் சந்தையில் தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். ஆம்பூரிலிருந்து ரயிலில் வந்த வண்டிக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து, "ஆசீர்வாதம் ஐயா போய்ட்டாருங்க. காய்ச்சலு. காலைலதான்," என்றார். நான் பட்டைக் கட்டு ஒன்றைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். ஈரம் ஜாஸ்தி என்று கடைக்காரரிடம் சொன்னேன். பிறகுதான் ரயிலுக்குப் புறப்பட்டேன். அவரை அறிந்த உங்களுக்கு இது கல்நெஞ்சாகத் தோன்றலாம். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

உங்களில் பலருக்கு அவர் ஆம்பூர்த் தோல் கிடங்கின் ஆபீஸில் கடிதம் எழுதிய ஆசீர்வாதம். எனக்கு அவர் ஜாவாவில் கூட வேலை பார்த்த அண்ணன். நம் ஊர் முறையில் தோல் பதனிட அங்கே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி தொழிற்சாலை வைத்தபோது, நான் பட்டை மேஸ்திரியாகப் போனேன். அவர் துபாஷியாக வந்தார். மேனேஜரின் இங்கிலீஷைக் கூலிகளுக்கு மலாயில் சொல்வது அவர் வேலை. அந்த மொழியை இப்போது அங்குள்ள இளைஞர்கள் இந்தோனேசிய மொழி என்கிறார்களாம். நானும் அதைக் கொஞ்சம் பேசுவேன், அடுப்பங்கரை வரைக்கும்.

ஒரு கட்டளையை மொழிபெயர்க்கும் முன் அதைக் கையால் செய்து பார்ப்பது அவர் பழக்கம். கிடைத்தவன் நான்தான். விரலை நீட்டி அதட்டினால் 'பெரிந்தா', கட்டளையிடு. நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் 'தாஹான்', தடுத்து நிறுத்து. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டால் 'ஜாகா', காத்துக்கொள். "கையைக் கட்டிப்போட்டா உனக்கு வாயே வராதுண்ணே" என்று கேலி செய்வேன். "வார்த்தை நம்ம வாயோட முடியறதில்லப்பா. யாரோ ஒருத்தன் மேல போய் விழுது," என்பார்.

ஒருநாள் சுண்ணாம்புக் குழியில் ஒருவன் வழுக்கி விழுந்தான். கண்ணெல்லாம் வெந்துபோயிற்று. கூட வேலை செய்தவர்கள் அவனைத் தூக்கிக் கரையில் கிடத்திவிட்டு, வேலையை நிறுத்தி முற்றத்தில் நின்றார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. அதுவே மேனேஜருக்கு அதிக பயமாகிவிட்டது. வாசற்காவலர்களைக் கழியோடு வரவழைத்தார். கூலிகளின் கங்காணியான கிழவரைக் காட்டி, "அவன் ஆட்களைக் கண்ட்ரோல் பண்ணச் சொல்," என்று அண்ணனிடம் கத்தினார்.

எப்படிப் பண்ண வேண்டும், அதட்டியா, தடுத்தா, காத்தா என்று அண்ணன் கேட்டார். கண்ட்ரோல் என்றால் கண்ட்ரோல்தான் என்றார் மேனேஜர். அண்ணன் கழிகளைப் பார்த்தார். குழிக்கரையில் கிடந்தவனைப் பார்த்தார். பிறகு கிழவரிடம் போய், தோளில் கை வைத்து, "ஜாகா," என்றார். உன் ஆட்களைக் காத்துக்கொள். கிழவர் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கூலிகளின் நடுவே போய்த் தரையில் உட்கார்ந்தார். அவர்களும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் வந்தது. அடிபட்டவனை வண்டியில் ஏற்றி வைத்தியரிடம் அனுப்பினோம். வண்டி போனதைப் பார்த்தபின் ஒவ்வொருவராக எழுந்து வேலைக்குத் திரும்பினார்கள். கழிகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

வேறொருவர் மூலம் அந்த மலாய்ச் சொல்லின் பொருள் மேனேஜருக்குத் தெரிந்தது. சொன்னதைச் சொல்லாத துபாஷி தனக்கு வேண்டாம் என்று அண்ணனைக் கப்பலேற்றினார். துறைமுகத்தில் எனக்குத்தான் ஆத்திரம். "மேனேஜர் சொன்னதையே சொல்லிட்டுப் போறதுதானே? ஒரு வார்த்தைக்கா வேலைய வுட்ட?" என்று கேட்டேன்.

"கழி வெச்சிருக்கறவங்க நிக்கற எடத்துல தாஹான்னு சொன்னா, அது அடியாத்தான் போய் விழும்," என்றார். பிறகு சிரித்தார். "இன்னா பேஜார் இப்போ? ஆம்பூர்ல தோல் நாத்தம் இல்லியா, எனக்கு வேலை இல்லாமப் போறதுக்கு?"

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் என்னிடம், "மனச அடக்கிக்கோப்பா," என்றார்கள். தலையாட்டினேன். அடக்குவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே! பெஞ்சியை எங்கே போடுவது, குடிதண்ணீர் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே அவர் மனைவி அன்னம்மாள் தரையில் அறைந்து அழுதுகொண்டிருந்தார். போதகர் தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று செய்தி வந்தது. உறவுக்காரப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "ஜெபம் பண்ணணும். நீ சொன்னாக் கேக்கும். அன்னம்மாளக் கொஞ்சம் அடக்குப்பா," என்றார்.

நான் உள்ளே போனேன். என் கை எனக்கு முன்னால் நீண்டது, தடுக்கிற மாதிரி. அதைக் கீழே இறக்கினேன். அண்ணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அழுவுங்க அண்ணி. போதகர் ஐயரு காத்திருப்பாரு. நான் இங்கியேதான் இருக்கேன்," என்றேன். போதகர் வந்தார், வாசலிலேயே நின்றார். அண்ணி அழுது முடித்து, அவராகவே முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டார். அதன்பிறகு ஜெபம் நடந்தது.

ஆசீர்வாதம் அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு சொல்தான். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சந்தையிலோ ரயிலிலோ பட்டைக் கிடங்கிலோ, என்றைக்காவது வரும். அன்றைக்கு உங்களில் யாராவது அருகில் இருந்தால், அடக்கிக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள். கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.