பெயர் வர வேண்டிய இடத்தில்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது நான்கு பேர். நான், பிரவுசிங் சென்டர் ஓனர் ஸ்டெல்லா அக்கா, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஜெகதீசன் சார், அவரை ஏற்றி வந்த பழனிக்கார டிரைவர் கருப்பசாமி அண்ணன். ஐந்தாவது ஆள் கிடையாது. மேகம் உள்ளே வருகிறது என்று வாசல் கதவை நான்தான் சாத்தினேன். யோகநாதன் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிற எல்லோரும் கடைசியில் "அவனே வந்து ஏதாவது செஞ்சிருப்பான்" என்றுதான் முடிக்கிறார்கள்.

எனக்குப் பேய், பிசாசு, செய்வினை எதிலும் நம்பிக்கை இருந்ததில்லை. பயம் நிறைய உண்டு, ஆனால் அதெல்லாம் வேறு ரகம். கேஸை மூடினோமா, ஸ்விட்சை அணைத்தோமா, யாராவது நம்மைப் பற்றி ஏதாவது நினைத்திருப்பார்களா என்கிற பயம். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி வழியிலிருந்து திரும்பி வந்து நாலாவது தடவை இழுக்கிற ஆள் நான். இந்தக் கதைகளில் நடுராத்திரி வரும், சுடுகாடு வரும். இது பகல் பதினொரு மணிக்கு, கொடைக்கானல் நாயுடுபுரத்தில், டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தபோது நடந்தது.

இரண்டாயிரத்து நாலு முடிகிற சமயம். பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் ஒன்பதாம் வகுப்போடு நின்று, இரண்டு கடையில் வேலை பார்த்து, அப்புறம் மலையேறி ஸ்டெல்லா அக்காவின் பிரவுசிங் சென்டரில் ரெஜிஸ்டர் எழுதச் சேர்ந்தவள் நான். யோகநாதன் வில்பட்டிப் பக்கம். அவன் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர்கள். காலையில் கேரட் தோட்டத்தில் கூலி வேலை, மத்தியானம் மண் காலோடு எங்கள் கடைக்கு வருவான். முதலில் அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவன், அப்புறம் அக்காவின் கம்ப்யூட்டர்களை ரிப்பேர் பார்த்துக் கொடுத்து சும்மா உட்கார ஆரம்பித்தான். யாரோ ஒரு டூரிஸ்ட் விட்டுவிட்டுப் போன சி என்கிற கம்ப்யூட்டர் மொழிப் புத்தகம் ஒன்று கடையில் கிடந்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படித்தோம்.

அதை வைத்து ஒரு ஃப்ரேம்ஒர்க் எழுதினோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது வெப்சைட் இல்லை, வெப்சைட் செய்வதற்கான சட்டகம். கொடைக்கானலில் காட்டேஜ் வைத்திருக்கிற யாரும் தன் அறைகளையும் வாடகையையும் அதில் போட்டால் போதும், புக்கிங் சைட் ஒன்று எழுந்து நிற்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் வேறு சுலபமான மொழிகளில் எழுதினார்கள். எங்களிடம் இருந்த பழைய மெஷினில் அவை எருமை மாதிரிப் படுத்துக்கொண்டன. சி-யில் எழுதினால் ஓடியது. அதற்கு அந்த மொழியில் நாம்தான் எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு பெயரை வைக்க இடம் வேண்டுமானால் மெமரியில் கேட்டு வாங்க வேண்டும், முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், பக்கத்து வீட்டில் பாத்திரம் வாங்குகிற மாதிரி. ஆனால் இங்கே பாத்திரம் கழுவாமலே வரும். முன்னால் புழங்கியவன் விட்ட மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். என் மாதிரி கவலைப்படுகிறவளுக்கென்றே செய்த மொழி அது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், கஷ்டமான பாகமெல்லாம் யோகநாதன் எழுதியது. நான் எழுதியது பக்கங்களின் தோற்றமும், அவன் எழுதியதைச் சரிபார்ப்பதும்.

ஜெகதீசன் சார் ஒரு சின்னக் கம்பெனி வைத்திருந்தார். அக்காவுக்குப் போன் செய்து, வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன், பிடித்தால் எழுதினவரை கோயம்புத்தூருக்கு வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒருவரைத்தான் என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்கு வயது இருபத்தாறு, படிப்பு ஒன்பது. இந்தப் பஸ் போனால் அடுத்த பஸ் இல்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

யோகநாதனிடம், "வெள்ளிக்கிழமைதான் வர்றாங்களாம் யோகா" என்றேன்.

"செரிக்கா. அன்னைக்குத் தோட்டத்துக்கு லீவு சொல்லிர்றேன்" என்றான்.

அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது அது.

வியாழக்கிழமை வெள்ளனே கடையைத் திறந்தேன். இரண்டு நாளாக மழையில் மரம் விழுந்து போன் லைன் செத்துக் கிடந்தது, வெளியுலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. எங்கள் சர்வர் பின்னறையில், கேபிள் வழியாக முன்னறைக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம், அதனால் லைன் தேவையும் இல்லை. ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த மெஷினை நான்தான் போட்டேன். போட்டுவிட்டு இன்னொரு காரியமும் செய்தேன். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் அவன் 'yoga' என்று போட்டு வைத்திருப்பான். அந்தச் சொல் உள்ள வரிகளை எல்லாம் எடுத்துவிடு என்று ஒரே கட்டளை கொடுத்தேன். எடுத்துவிட்டது. எழுதியதை மெஷின் ஓட்டுகிற வடிவத்துக்கு மாற்றுகிற கம்பைலையும் மறுபடி செய்தேன், ஒரு பிழையும் காட்டவில்லை. முதல் பக்கம் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். மூன்று தடவை பூட்டை இழுக்கிறவள், அன்றைக்கு மற்றப் பக்கங்களைப் பார்க்கவில்லை.

அக்கா வந்ததும், "யோகா எங்கடி, ஆளைக் காணோம்?" என்றார்.

"தோட்டத்துல சோலி கெடக்காம்க்கா" என்றேன்.

"இன்னைக்குப் போயா? கூறு கெட்டவன். சரி, வெரசா அந்த மேசையைத் தொடை."

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கார் வந்தது. சார் மப்ளரைக் கழற்றாமலே உட்கார்ந்தார். டிரைவர் அண்ணன் குளிருக்கு உள்ளே வந்து அவருக்குப் பின்னால் நின்றார். முதல் பக்கம் வந்ததும் சார் புருவத்தைத் தூக்கினார். "இந்த மெஷின்ல இவ்வளவு ஸ்பீடா?" என்றார். அறை புக் செய்கிற பக்கத்தில் தன் பெயரை அடித்து பட்டனை அழுத்தினார். அடுத்த பக்கத்தில் "Thank you" என்று வந்து, அதன் பக்கத்தில் அவர் பெயர் வர வேண்டும்.

நம்பினால் நம்புங்கள், வந்தது இது.

Thank you innaikkunnu sollaliye akka naan

எங்களிடம் தமிழ் எழுத்து இல்லை, ஆங்கில எழுத்தில்தான் வந்தது. சார் வாய்க்குள் கூட்டிப் படித்தார். "இன்னைக்குன்னு சொல்லலியே அக்கா, நான்... என்னம்மா இது?"

டிரைவர் அண்ணன் சிரித்துவிட்டார். "என்னங்க சார், கம்ப்யூட்டரு கோச்சுக்கிட்டுப் பேசுது? நான்னு ஆரம்பிச்சுட்டு முழுங்கிருச்சே. அப்புறம் என்னவாம்?"

ஸ்டெல்லா அக்கா திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"யாரும்மா உன்னை அக்கான்னு கூப்பிடுறது?" என்றார் சார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "இங்க ஒரு பையன் வருவான் சார், இந்த ஒரு பக்கம் மட்டும் அவன் எழுதுனது. ஏதாவது விளையாட்டா அடிச்சு வச்சிருப்பான், தப்பு அவன் பேருலதான்."

சார் மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை கட்டம், புள்ளி, கேள்விக்குறி என்று கிறுக்கல் வந்தது. நியாயமாக அதுதான் வர வேண்டும். கழுவாத பாத்திரத்தில் அழுக்கு இருக்கலாம், ஒரு ஆள் பேசின பேச்சு எப்படி இருக்கும்? பின்னறைக்குப் போய் புரோகிராமைத் திறந்தேன், பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பாத்திரத்தைத் துடைத்து அதில் வந்தவர் பெயரைப் போடுகிற வரி ஒன்று உண்டு. அந்த வரியின் கடைசியில் அவன் குறிப்பாகத் தன் பெயரை எழுதி வைத்திருந்தான். அவன் பெயரை எடுக்கப் போன என் கட்டளை அந்த வரியையே தூக்கிவிட்டது. வரி எனக்கு மனப்பாடம். அடித்தேன், பெயரை மட்டும் அடிக்கவில்லை. கம்பைல் செய்தேன். சார் மூன்றாவது தடவை அழுத்தியபோது Jagadeesan என்று அழகாக வந்தது.

"பத்தே நிமிஷத்துல, அடுத்தவன் பண்ணின தப்பைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டியேம்மா" என்றார். அதற்காகத்தான் எனக்கு வேலை கொடுத்தார். அந்தச் சட்டகத்துக்கென்று பன்னிரண்டாயிரம் ரூபாய் எண்ணி வைத்து, இதை எழுதியது நான் ஒருத்திதான் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். போட்டேன். ஸ்டெல்லா அக்கா அப்போது எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர்கள் போன பிறகு டிஸ்க் முழுக்க sollaliye என்ற சொல்லைத் தேடினேன். எந்த ஃபைலிலும் இல்லை. முதல் நாளே அவன் எழுதி வைத்திருக்க முடியாது, வியாழக்கிழமை என்பது முதல் நாள் அவனுக்குத் தெரியாது. தெரிந்து எழுதியிருந்தாலும், அணைத்துப் போட்ட மெஷினின் மெமரியில் ராத்திரி முழுக்க ஒன்றும் தங்காது.

வெள்ளிக்கிழமை அவன் வந்தான். நல்ல சட்டை போட்டு வருவான் என்று நினைத்திருந்தேன். தோட்டத்துச் சட்டையிலேயே வந்தான், காலில் மண்.

"நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்கதானேக்கா" என்றான்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நேத்து வெள்ளனேயிலருந்து ஓடையில கேரட் அலசிக்கிட்டு நின்னேன். பதினோரு மணி போல மனசுல பட்டுச்சு, இன்னைக்குத்தான்னு. வாய்விட்டே ஏதோ சொல்லிட்டேன் போல. யாரோட கதைக்கிறன்னு அம்மா கேட்டிச்சு."

என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. "திடீர்னு வந்துட்டாங்க யோகா, ஆள் அனுப்ப நேரமில்ல" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன்.

"செரிக்கா" என்றான். "எல்லாம் ஓடிச்சா?"

"ஓடிச்சு."

சிரித்தான். நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சிரித்தான். அதற்குப் பதிலாக அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "தோட்டத்துல சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் அந்தக் கடைக்கு அவன் வரவில்லை என்று ஸ்டெல்லா அக்கா பிற்பாடு ஒரு தடவை சொன்னார், அதற்கு மேல் என்னோடு அவர் பேசியதில்லை. கோயம்புத்தூருக்கு வந்து மூன்று வருஷம் கழித்து வில்பட்டிக்குப் போனேன். அந்தக் குடும்பம் வேலை தேடி வேறு பக்கம் போய்விட்டது, எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

மனசு உறுத்தி நீயே கற்பனை செய்துகொண்டாய் என்பவர்களுக்கு, படித்தது நான் இல்லை, சார் படித்தார், டிரைவர் சிரித்தார் என்பதைத்தான் சொல்வேன். ஆனால் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அந்த வாக்கியம் நின்ற இடம். பெயருக்கு நான் ஒதுக்கியிருந்த இடம் முப்பத்திரண்டு எழுத்து. சொல் முடிந்தது என்று மெஷினுக்குக் காட்டுகிற முடிவுக்குறி ஒன்று போக முப்பத்தொன்று. அன்று வந்ததை இடைவெளிகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், சரியாக முப்பத்தொன்று வரும். அவன் நிறுத்தவில்லை. நான் கொடுத்த இடம் அவ்வளவுதான். 'நான்' என்பதற்குப் பிறகு அவன் என்ன சொன்னான் என்பது அந்த ஓடைக்கும் அவன் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். வந்திருப்பேன் என்றா, உங்களை நம்பினேன் என்றா, இல்லை வேறு ஏதாவதா. இருபது வருஷமாக விதவிதமாகப் போட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் பொருந்தவில்லை.

அவனுக்கு நான் கொடுக்க வேண்டிய பங்கு ஆறாயிரம் ரூபாய்.