வெறுந்தட்டா திருப்பிக் குடுக்க முடியல

வெளிநாட்டுக்குப் படிக்க வந்தப்போ நான் குடியிருந்தது சான்ட்ரிங்ஹாம்ல, ஒரு வீட்டுக்குப் பின்னாடி இருக்குற தனி ரூம்ல. ரோட்டுக்குப் போகணும்னா ஓனர் வீட்டு கிச்சன் ஜன்னலத் தாண்டித்தான் போகணும், வேற வழியே கிடையாது. அந்த ஜன்னல்ல எப்பவும் ஆன்ட்டி நிப்பாங்க. அல்பேனியாக்காரங்க. அங்கிளும் ஆன்ட்டியும் மட்டும்தான், புள்ளைங்க எல்லாம் ஆஸ்திரேலியாவுல செட்டில்.

குடி வந்த புதுசுல ஒரு பெரிய வட்டத் தட்டு நெறைய பைரெக் குடுத்தாங்க. பேப்பர் மாதிரி இழுத்த மாவுக்கு நடுவுல கீரையும் சீஸும் வெச்சு சுடுறது. செம. மொத்தத்தையும் காலி பண்ணிட்டேன். அப்புறம் பண்ணேன் பாருங்க, டிபிகல் நம்மூரு வேல. தட்டக் கழுவுனேன், வெறுந்தட்டா எப்படிக் குடுக்குறதுன்னு கேசரி கிண்டி வெச்சு எடுத்துட்டுப் போனேன். ஆன்ட்டி கண்ணு அப்படியே விரிஞ்சுது. அவங்க ஊர்லயும் அதே ரூலாம், வந்த பாத்திரத்த வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாதாம்.

முடிஞ்சுது கதை. ரெண்டு பக்கமும் அதே ரூல்னா தட்டு எங்கடா நிக்கும்?

கேசரிக்குப் பதிலா தாவ கோசி வந்துச்சு. ஆட்டுக்கறி மேல தயிரும் முட்டையும் அடிச்சு ஊத்தி ஓவன்ல வேக வைக்கிறது. கேக்க மொக்கையா இருக்கும், தின்னா விட மாட்டீங்க. நான் லெமன் சாதம். அவங்க வினிகர்ல ஊறப்போட்ட மிளகா. நான் வடை. தட்ட நீட்டிட்டு ஓடி வரவும் முடியாது, உக்காரணும். அங்கிள் ராக்கி ஊத்துவாரு, அவரே ப்ளம்ல காய்ச்சுன சாராயம். பாக்க தண்ணி, உள்ள இறங்குனா நெருப்பு. கிளாஸக் காலி பண்ணா "கெஸ்வார்!"னு, அதான் அவங்க ஊரு சியர்ஸ், அடுத்தத ஊத்துவாரு. காலி பண்ணலன்னா "ஏன், பிடிக்கலையா?"னு மூஞ்சி வாடிப்போயிரும். எப்படிப் பண்ணாலும் மாட்டிக்குவேன்.

ஒரு நாள் கூடப் படிச்ச பொண்ணு ஒண்ணு வந்திருந்தா. பத்து நிமிஷத்துல கதவத் தட்டுற சத்தம். ஆன்ட்டி, கையில தட்டு நெறைய பக்லாவா இனிப்பு, ரெண்டு ஃபோர்க்கு. அவ விழுந்து விழுந்து சிரிச்சா. யாரு வந்தாலும் போனாலும் அந்த ஜன்னலுக்குத் தெரிஞ்சுருதேன்னு எனக்கு மூச்சு முட்டுச்சு.

அப்போதான் சிட்டியில இருக்குற என் யாழ்ப்பாணத்து ஃபிரெண்டு ஃபோன் பண்ணான்.

"எங்கட ஃபிளாட்டில ஒரு ரூம் காலியாகுது. ஞாயிறுக்குள்ள சொல்லு, இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவன்."

"ஆன்ட்டிகிட்ட இன்னும் சொல்லலடா."

"ஓம், நீ எப்ப கதைக்கப் போறாய்? தட்ட வச்சிட்டு ஓடி வாடா."

"தட்ட எப்படிடா வெறுமனே வைக்கிறது?"

"அப்ப சாகுமட்டும் அங்கயே இருந்து கேசரி கிண்டு."

சனிக்கிழம சொல்லிரலாம்னு வடையோட போனேன். அன்னிக்குன்னு பாத்து தோட்டத்துல நெருப்பு மூட்டி ஃப்ளியா சுட்டுட்டு இருந்தாங்க. மாவக் கோடு கோடா ஊத்தி, நெருப்புல சூடான இரும்பு மூடியால மூடி, வெந்ததும் அது மேலயே மறுபடி ஊத்தி, மறுபடி மூடி... அடுக்கு மேல அடுக்கு, முடியவே முடியாது. கரண்டிய என் கையில குடுத்துட்டாங்க. மத்தியானம் முழுக்கப் புகையில நின்னேன். வாயத் தொறக்கப் போன நேரத்துல அங்கிள் சொல்றாரு, "புள்ளைங்க போனப்புறம் இத நாங்க பண்ணவே இல்லப்பா. ரெண்டு பேருக்காக யாரு இவ்வளவு நேரம் நெருப்புகிட்ட நிப்பா?"

வாய மூடிக்கிட்டு அடுத்த கோடு ஊத்துனேன். திரும்பும்போது கையில அதே தட்டு, நெறைய ஃப்ளியா.

ஞாயித்துக்கிழம காலையில தட்டக் கழுவித் தொடச்சேன். ரவை இருந்துச்சு, சக்கரை இருந்துச்சு. அடுப்பப் பத்த வைக்கல. கிண்டுனா போவேன், போனா உக்காருவேன், உக்காந்தா சொல்ல மாட்டேன். வெறுந்தட்டத் தூக்கிட்டுப் போயி நீட்டுனேன்.

ஆன்ட்டி தட்டப் பாத்தாங்க. என்னப் பாத்தாங்க. திரும்பத் தட்டப் பாத்தாங்க.

"எப்போ போற?"

"மூணு வாரத்துல, ஆன்ட்டி."

அங்கிள் ராக்கி பாட்டில எடுக்கல. யாரும் உக்காரச் சொல்லல. ரூமுக்கு வந்து ஃபிரெண்டுக்கு 'ஓகே'ன்னு மெசேஜ் போட்டேன். ஜெயிச்ச மாதிரியே இல்ல. அந்த மூணு வாரமும் கிச்சன் ஜன்னல்ல கர்ட்டன் போட்டிருந்துச்சு.

கெளம்புற அன்னிக்கு ஃபிரெண்டு கார்ல பெட்டிய ஏத்திட்டு இருக்கோம், ஆன்ட்டி வெளிய வந்தாங்க. கையில துணி போட்டு மூடுன தட்டு, சுடச்சுட பைரெக்.

"தட்டு எனக்கு வேணும்," அவ்வளவுதான் சொன்னாங்க. சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

போற வழியிலயே பாதியக் காலி பண்ணிட்டான் ஃபிரெண்டு. மீதிய நான். தட்டு இப்போ சிட்டி ஃபிளாட்ல ஃபிரிட்ஜ் மேல இருக்கு. கழுவியாச்சு. இங்கேருந்து சான்ட்ரிங்ஹாமுக்கு ஒரே பஸ்தான். ரவைதான் தீந்துபோச்சு, வாங்கணும்.