வாழ்த்திய வாய்

கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசில் சனிக்கிழமைதான் சம்பளம். கரிசல் காட்டுக்கு உளுந்து விதை வாங்க, செல்போன் செயலியில் கடன் எடுத்தேன். ஒரே தடவையில் கட்ட முடியவில்லை. "சனிக்கிழமை சனிக்கிழமை கொஞ்சமா கட்டுங்க, போதும்" என்று அந்தக் கம்பெனிக்காரன் போனில் ஒத்துக்கொண்டான். "நீங்க நல்லா இருப்பீய சார்" என்று வாழ்த்தினேன். எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சியிடம் பத்து வருஷமாக வாய்ச்சொல்லிலேயே கடன் வாங்கிப் பழகியவள் நான். ஒருவர் சொன்ன பிறகு எழுதித் தரச் சொல்லிக் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு சனிக்கிழமை தவறாமல் கட்டினேன். அடுத்த செவ்வாய்க்கிழமையே என் போனில் இருந்த எல்லா எண்களுக்கும் என் படத்தை அனுப்பி, கீழே 'மோசடிக்காரி' என்று போட்டிருந்தார்கள். அண்ணாச்சிதான் காட்டினார். கடையில் நின்றபடியே அந்தக் கம்பெனிக்காரனைப் போனில் கூப்பிட்டேன்.

"தவணைக்கு ஒத்துக்கிட்டோம்னு எழுத்துல இருக்கா?" என்றான்.

அண்ணாச்சி போனை வாங்கினார்.

"இந்தப் பிள்ள சொன்ன நாளு ஒருநாளும் தப்புனதில்ல. சொல்லு மாறுனது நீருதாம்வே."

போனைத் தந்துவிட்டு, வழக்கம்போல எனக்குக் கடனுக்கு அரிசி நிறுத்துக் கொடுத்தார்.

அவரை நான் ஒருநாளும் வாழ்த்தியதில்லை. அந்தப் பயலைத்தான் வாழ்த்தியிருக்கிறேன்.