சிவப்பு ரிப்பன் கட்டிய உளுந்துச் செடி

கீழ்பென்னாத்தூர் சின்னசாமியின் மகள் எழிலரசியை ஊரில் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முழங்கால் வலியைச் சொல்லி மாத்திரை கேட்பார்கள். "நான் செடிக்கு டாக்டருங்க" என்பாள். "அப்ப எந்தத் தழைய அரைச்சுப் போடலாம்னு சொல்லும்மா" என்பார்கள். முனைவர் பட்டம் வாங்கி, அதற்கு மேலும் நாலு வருடம் ஆராய்ச்சி செய்கிறவளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எங்கேயும் கிடைக்காது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

உளுந்துப் பயிரை மஞ்சளாக்கிக் கெடுக்கும் தேமல் நோய்க்கு ஒரு வைரஸ் காரணம். வெள்ளை ஈ இலையில் சாறு உறிஞ்சும்போது அதை உள்ளே விட்டுவிட்டுப் போகும். செல்லுக்குள் நுழைந்த வைரஸ் சும்மா கிடக்காது. செல் சுவரில் இருக்கும் மெல்லிய துவாரத்தின் வழியாக அடுத்த செல்லுக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. எப்படிப் போகிறது, செடி ஏன் வழிவிடுகிறது என்பதுதான் எழிலரசியின் ஆராய்ச்சி. செங்கம் ரோட்டில் ஒரு கல்லூரி ஆய்வகம், ஆசிரமத்துப் பக்கம் ஒரு வாடகை அறை, நடுவில் ஒரு பழைய ஸ்கூட்டி. இப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது. வைரஸ் சில நாளில் செடி முழுக்கச் சுற்றி வந்துவிடும். அவளோ இன்னும் முதல் செல்லின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஆராய்ச்சி உதவித்தொகை மே மாதத்தோடு முடிகிறது. அதற்குள் உருப்படியான முடிவு ஒன்றைக் காட்டினால் இன்னும் இரண்டு வருடம் நீட்டுவார்கள். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த நிலையில்தான் மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் உளுந்து வயலுக்குப் போனாள். கிணற்றோரத்து மூலை முழுக்க மஞ்சள். அந்த மஞ்சளுக்கு நடுவே ஒரே ஒரு செடி பச்சைப் பசேலென்று, காயும் பிடித்து நின்றது. எழிலரசி குனிந்து அதன் இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். மூன்று இலையைக் கிள்ளிப் பையில் போட்டாள். செடியை அடையாளம் வைக்க வேண்டுமே என்று கைப்பையைத் துழாவினாள். ஒரு ரிப்பன் சுருள் அகப்பட்டது. ஒரு துண்டு வெட்டி, பூ வைத்துவிடுகிற பதவிசோடு தண்டில் கட்டினாள். அப்பாவிடம் சொல்லவில்லை. முடிவு தெரிவதற்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஆராய்ச்சியாளரின் ஒழுக்கமாம்.

வியாழக்கிழமை முடிவு தெரிந்தது. வைரஸ் இலைக்குள் போயிருக்கிறது, ஆனால் ஏழெட்டு செல்லோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் செடி கதவைச் சாத்திவிட்டது! ஆய்வகத்தில் தனியாக இருந்தவள் நாற்காலியோடு இரண்டு சுற்றுச் சுற்றினாள். இனி அந்தக் காய் முற்ற வேண்டும், விதை வேண்டும், விதையை முளைக்க வைத்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு வருடம் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் கிணற்றோரத்து மூலை மொட்டையாகக் கிடந்தது. வரப்போரம் சாம்பல். களையெடுப்பு ஆட்களுக்கு முன்னால் நிற்கிற வெள்ளையம்மாள், வாயெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தாள்.

"அந்த மூலை தேறாது, பிடுங்கிடுங்கன்னு உங்கப்பா சொல்லிட்டாரு. நேத்தே முடிச்சிட்டோம்."

"அக்கா, நடுவுல பச்சையா ஒரு செடி நின்னுச்சே?"

"ஆமா. பச்சையா இருக்குதே, விட்டுரலாம்னுதான் பார்த்தேன். அப்புறம் பார்த்தா ரிப்பன் கட்டியிருக்குது."

எழிலரசிக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருடம் பள்ளிக்கூடத் திடலில் விவசாயிகள் கூட்டம். மைக்கைப் பிடித்து முழங்கியவள் இவள்தான். "நோய் தட்டின செடியைப் பார்த்ததும் சிவப்பு ரிப்பன் கட்டுங்க. பின்னால வர்றவங்க அதைப் பிடுங்கி எரிச்சிடுங்க. சில செடி வெளியே பச்சையா இருக்கும், உள்ளே வைரஸ் இருக்கும். கண்ணை நம்பாதீங்க!" ஆளுக்கொரு ரிப்பன் சுருளும் கொடுத்திருந்தாள். மிஞ்சிய சுருள்தான் கைப்பையில் கிடந்தது.

அவளுடைய இத்தனை வருட ஆராய்ச்சியில் உலகம் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது அந்த ஒரு யோசனையைத்தான். அதையும் எவ்வளவு ஒழுங்காக! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதற்கு இப்படி ஊர்க்கூட்டம் போட்டுச் சொல்லிவைத்தவள் வேறு யாராவது இருப்பாளா?

"ஒரு காய்கூட மிஞ்சலையாக்கா?"

"நீதானே வேரோட எரிக்கச் சொன்ன? இன்னாம்மா, தப்பாயிடுச்சா?"

"இல்லக்கா. நான் சொன்னதைத்தான் செஞ்சீங்க."

வெள்ளையம்மாளுக்கு முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது. களைக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு மனசே வரல எழிலு. நல்ல செடின்னு கையில பிடிச்சதுமே தெரிஞ்சுது. ஆனா படிச்ச பொண்ணு கட்டச் சொன்ன ரிப்பனாச்சே. எங்கண்ணை விட்டுட்டு அதைத்தான் நம்பினேன்."

எழிலரசி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். செடிக்காக ஆரம்பித்த அழுகை, இந்த நம்பிக்கையை நினைத்துத்தான் ஜாஸ்தியாயிற்று.

மே மாதம் உதவித்தொகை முடிந்தது. மூன்று இலையை வைத்துக்கொண்டு யாரும் இரண்டு வருடம் தரமாட்டார்கள். இப்போது அதே கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் செல் சுவர் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறாள். சுவரில் ஒரு துவாரம் விட்டு வரையாதவர்களுக்கு மார்க் கிடையாது. உளுந்துக் காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறி மஞ்சள் வயல்களில் பச்சையைத் தேடுவாள். இரண்டு வருடமாக ஒன்றும் அகப்படவில்லை.

போன புதன்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. வெள்ளையம்மாள்.

"எழிலு, மேட்டு வயல்ல சுத்தி எல்லாம் மஞ்சளாயிடுச்சு. நடுவுல ஒண்ணு பச்சையா நிக்குது. ஆளுங்கள அந்தப் பக்கம் விடாம நானே உக்காந்திருக்கேன், சீக்கிரம் வா. ரிப்பன் மட்டும் எடுத்துட்டு வராதே."