அம்மாவுக்கு எட்டாத மேடை

எங்கள் தெருவில் நின்றுகொண்டே சமைத்த முதல் வீடு எங்களுடையது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. அன்றைக்கு ஆம்பூரில் எங்கள் தெரு முழுக்க அதைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் கொத்தனார். தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டிகளைக் கட்டுவதும், விரிசல் விட்டால் பூசுவதும் அவர் வேலை. அவர் கட்டிய தொட்டி ஒரு சொட்டு ஒழுகாது என்று முதலாளி சாயபுவே சொல்வாராம். அம்மா கல்யாணத்துக்கு முன்பே நர்ஸ் வேலைக்குப் படித்தவள். தம்பி தானாகச் சோறு அள்ளித் தின்னத் தொடங்கிய பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அவளை மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு வாரம் பகல் டூட்டி என்றால் அடுத்த வாரம் ராத்திரி டூட்டி.

அப்போதெல்லாம் அடுப்பு என்றால் தரையில்தான். குந்தி உட்கார்ந்து, ஊதாங்குழலில் மூச்சைத் தொலைத்து, புகையில் கண்ணைக் கசக்கி, ஒரு சோறும் ஒரு குழம்பும் ஆவதற்குள் பொழுது ஏறிவிடும். நாள் முழுக்க வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது சரி. மணி அடித்தால் வார்டில் நிற்க வேண்டியவளுக்குக் கட்டுப்படி ஆகுமா? ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்றபடியே ஆக்குவதற்கு மேடை போட்டிருக்கிறார்கள் என்று அம்மா ஒருநாள் வந்து சொன்னாள். அப்பா 'ஊம்' கொட்டினார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பழைய அடுப்பை இடித்தார்.

செங்கல்லும் சுண்ணாம்புமாக மேடை எழும்பியது. அடியில் எரிபொருள் வைக்க ஒரு மாடம், தலைக்கு மேலே புகைக் கூண்டு, ஓரத்தில் பாத்திரம் கழுவ ஒரு சின்னத் தொட்டி. தொட்டி இல்லாமல் அப்பாவால் எதையும் கட்ட முடியாது. ஷாப்பில் தோல் பதனிடச் சாறு இறங்கிப்போன ஆவாரம்பட்டைச் சக்கையைக் காயவைத்துத்தான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் எரிப்போம். மற்ற வீடுகளில் அதன் வாடை சோற்றில் ஏறும். எங்கள் வீட்டில் அது கூண்டு வழியாக வெளியேறித் தெருவுக்கே பொதுவாயிற்று.

முதல் உலை வைக்கிற அன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அம்மா புதுப்பானையோடு மேடை முன்னால் போய் நின்றாள். மேடை அவள் நெஞ்சு வரைக்கும் வந்தது. பானையைத் தூக்கி வைத்துவிட்டாள். ஆனால் உள்ளே கொதிக்கிறதா இல்லையா என்று எட்டிப் பார்க்க முடியவில்லை. ஒருத்தி 'களுக்'கென்று சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை, என்னாலும்தான்.

"தொட்டி கட்டுறவருக்குக் கீழ தோண்டத்தான் தெரியும், மேல கட்டத் தெரியுமா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அதைக் கேட்டதும் எனக்கு அவமானமாகிவிட்டது. "அளந்து பாக்கலியாப்பா?" என்று கேட்டேன்.

"அளந்துதாம்மா கட்டினேன்" என்றார் அப்பா. மறுநாள் பழைய பெட்டிப் பலகையில் ஒரு மணை அடித்துக் கொடுத்தார். அம்மா அதன்மேல் ஏறி நின்று சமைத்தாள்.

இந்தச் செய்தி எப்படியோ திமிரி வரைக்கும் போய், அங்கிருந்து அத்தை வந்து இறங்கினாள். அத்தை அப்பாவின் அக்கா. தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். அவள் பேச்சுக்கு அப்பா எதிர்ப்பேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. வந்தவள் மேடையைப் பார்த்தாள், மணையைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாடா தம்பி இது? நின்னுக்கினு ஆக்குறது ஓட்டல்காரன் பொழப்புடா. இவ ராத்திரில போய்ட்டா புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுறது? ஒரு வாரம் இருந்து பாக்குறேன். பசங்க வயிறு காஞ்சா ரெண்டையும் இட்டுக்கினு ஊருக்குப் போய்டுவேன்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "புள்ளைங்களை அனுப்பிட்டு எனக்கு இன்னா வேலை அண்ணி? அப்படின்னா நான் வேலைய விட்டு நின்னுடுறேன்" என்றாள். நர்ஸ் உடுப்பைத் துவைத்து மடிக்கும்போதெல்லாம் பாட்டு முணுமுணுக்கிறவள் அவள். அன்று சத்தமே இல்லாமல் மடித்து வைத்தாள்.

அந்த வாரம் அவளுக்கு ராத்திரி டூட்டி. இருட்டுவதற்கு முன் போனால், மறுநாள் வெயில் ஏறின பிறகுதான் வருவாள். ஆனாலும் காலையில் ஷாப்பில் சங்கு ஊதுவதற்குள் எங்கள் தட்டில் ஆவி பறக்கச் சோறும் குழம்பும் இருக்கும். ராத்திரி டூட்டி வாரங்களில் எப்போதும் அப்படித்தான். கேட்டால், "அம்மா ஆக்கி வச்சிட்டுப் போனாங்க, நான் சூடு பண்ணேன்" என்பார் அப்பா. அந்தக் குழம்பில் மட்டும் காரம் ஜாஸ்தியாக இருக்கும். சூடு பண்ணப் பண்ணக் குழம்பில் காரம் ஏறும் என்று நானே ஒரு கண்டுபிடிப்பும் செய்து வைத்திருந்தேன்.

முதல் நாள் அத்தை தட்டைப் பார்த்து யோசித்தாள். "சாயந்தரம் அவ அடுப்பு மூட்டினதை நான் பாக்கலியே" என்றாள். மறுநாள் விடியற்காலையில் விழித்துப் பார்த்தேன். பக்கத்தில் அத்தை இல்லை. அவள் சமையலறை வாசலில், கதவு மறைவில் நின்றிருந்தாள். நானும் போய் அவள் புடவைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

உள்ளே அப்பா, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மேடை அவர் இடுப்புக்குச் சரியாக இருந்தது. குனியாமல், எம்பாமல், ஒரு கையால் உலையைத் துழாவி, இன்னொரு கையால் குழம்பில் மிளகாய்த்தூளைத் தாராளமாகப் போட்டார்.

"அப்பா சூடு பண்றாரு அத்தை" என்று உதவியாக ஆரம்பித்தேன். அத்தை சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அப்படியே இழுத்துக்கொண்டு போய்ப் பாயில் படுக்கவைத்துப் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டாள். அவள் உடம்பு குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று கிணற்றடியில் எதிர்வீட்டுக்காரி கேட்டாள், "தம்பி பொண்டாட்டி சோறு கண்ணுல காட்டுறாளா?"

"அவளுக்கு இன்னா கொறை? ராத்திரிக் கண்ணு முழிக்கப் போறவ, எல்லாத்தையும் ஆக்கி வச்சிட்டுல்ல போறா!" என்று அத்தை தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பொய் பேசினால் நாக்கில் மிளகாய் வைப்பேன் என்று எங்களை மிரட்டுகிறவள் அவள்.

ஆண்பிள்ளை வீட்டில் கரண்டி பிடித்தான் என்று தெரிந்தால், ஷாப்பில் அவன் பெயரே அதுவாகிவிடும் காலம் அது. ஊர் சிரித்ததை அப்பா ஒற்றை ஆளாக வாங்கிக்கொண்டார். அத்தை தன் பிடிவாதத்தை முழுங்கிக்கொண்டாள். அம்மா தலை நரைக்கும்வரை நர்ஸாக இருந்தாள்; அவள் கை பட்டுப் பிறந்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர். அவளைப் பார்த்துத்தான் நானும் படித்தேன். அப்பா, அத்தை இரண்டு பேருக்கும் நான் என்ன செய்து தீர்ப்பேன்? அவர்கள் உயிரோடு இருந்தபோது ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் சொல்லிக்கொள்கிற வழக்கமும் இல்லை.

வாரம் முடிவதற்கு முன்பே அத்தை மூட்டையைக் கட்டினாள். எங்களைக் கூப்பிடவில்லை. புறப்படும்போது சமையலறைக்குள் போய் மேடையை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தாள்.

"ஒசரம் சரியாத்தான் வச்சிருக்கடா தம்பி" என்றாள்.

அப்பா தரையைப் பார்த்தார். டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து மேடையோடு ஒட்டி நிற்கவைத்தேன்.

"இல்ல அத்தை, நல்லாப் பாருங்க! அம்மாவுக்கு நெஞ்சு வரைக்கும் வருது. அப்பா தப்பா அளந்துட்டாரு!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். இவ்வளவு பெரியவர்களுக்கு ஒரு மேடையின் உயரம் பார்க்கக்கூடவா தெரியவில்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.