மைக்கைக் கையில் கொடுக்கக் கூடாது

டிசம்பர் வந்தால் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் திரைப்பட விழாவில் எடுபிடி வேலைக்குப் போய்விடுவேன். சம்பளம் கிடையாது. கழுத்தில் ஓர் அட்டை, மத்தியானம் ஒரு தயிர்சாதப் பொட்டலம், வீட்டு ஆள் ஒருவருக்கு இலவச பாஸ். படம் எடுத்தவர்களோடு மேடைக்குப் பின்னால் நின்று டீ குடிக்கலாம் என்பதுதான் உண்மையான கூலி. அந்த டீக்காக எவ்வளவு வேண்டுமானாலும் ஓடுவேன்.

என் வேலை மைக். படம் முடிந்ததும் இயக்குநர் மேடைக்கு வருவார், பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்பார்கள் என்பது பேச்சுக்கு. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் "கேள்வி இல்ல, ஒரு சின்னக் கருத்து" என்று ஆரம்பித்து, தாங்கள் எடுக்க நினைத்த படத்தின் கதையைச் சொல்லி முடிப்பார்கள். அதனால் எங்களுக்கு ஒரு விதி: மைக்கை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. நாமே பிடித்துக்கொண்டு அவர் வாயருகே நீட்ட வேண்டும். பேச்சு இழுத்துக்கொண்டே போனால் வெடுக்கென்று எடுத்துவிடலாம். அதில் நான் கெட்டிக்காரி.

பாஸை வருஷா வருஷம் சிநேகிதிகளுக்குக் கொடுப்பேன். போன டிசம்பரில் யாருக்கும் ஒழியவில்லை. சரி என்று அம்மாவுக்குக் கொடுத்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மாம்பலம் ஸ்டேஷன் அருகே அப்பா போட்ட பாத்திரக் கடையின் கல்லாவில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள். பட்டுப்புடவை கட்டி, தலைநிறைய மல்லிகை வைத்து, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் வந்தாள். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அரங்கில் மற்றவர்களெல்லாம் கசங்கிய ஜிப்பாவும் கைத்தறிப் புடவையுமாக இருந்தார்கள். பின்வரிசையில் ஓர் ஓரமாக உட்கார வைத்து, "என்னைக் கூப்பிடாதம்மா, வேலையா இருப்பேன்" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

படம் எடுத்தவள் சின்னப் பெண், அதுதான் முதல் படம். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒருத்தி, நாளெல்லாம் பசியோடு பஸ்ஸில் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கதவு திறக்கிறது, படம் முடிகிறது.

விளக்கு எரிந்ததும் வழக்கம்போல் கருத்துகள். ஒருவர் காமிராக் கோணம் என்றார், இன்னொருவர் ஐரோப்பா என்றார். மேடையில் அந்தப் பெண் தலையாட்டித் தலையாட்டியே களைத்துப்போனாள். அப்போது பின்வரிசையில் ஒரு வளையல் கை உயர்ந்தது. அம்மா. நான் காணாததுபோல் முன்வரிசைக்குப் போனேன். கை மறுபடி உயர்ந்தது. வேறு பக்கம் ஓடினேன். எதையாவது கேட்டு மானத்தை வாங்கிவிடுவாள், மேடைக்குப் பின்னால் எனக்கென்று இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும் என்று பயம். கடைசியில் இயக்குநரே, "பின்னாடி அந்த அம்மா ரொம்ப நேரமா கை தூக்கிட்டிருக்காங்க" என்று காட்டிவிட்டாள். வேறு வழியில்லாமல் போய், யாரோ எவரோ போல மைக்கை நீட்டினேன்.

அம்மா எழுந்து நின்றாள். "ஏம்மா, அந்தப் புள்ள காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலையே. வீட்டுக்கு வந்த பெறவாவது சாப்பிட்டுச்சா?"

அரங்கு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டால் இவள் என் அம்மா என்று யாருக்கும் தோன்றாது என்றுதான் சிரித்தேன். ஆனால் மைக் என் கையில் இருந்தது. என் சிரிப்பு மட்டும் ஸ்பீக்கர் வழியாகத் தனியாக, பெரிதாகக் கேட்டது. சிரித்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். முறைத்திருந்தால் தேவலை. கடையில் பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போகிறவர்களுக்குத் தலையசைப்பாளே, அப்படி லேசாக அசைத்தாள்.

"சாப்பிட்டாம்மா," என்றாள் மேடையிலிருந்த பெண். "அதையும் ஷூட் பண்ணினோம். படம் நீளமா இருக்குன்னு எடிட்டிங்ல எடுத்துட்டேன்."

"அப்ப சரி" என்று அம்மா உட்கார்ந்துகொண்டாள்.

மேடைக்குப் பின்னால் எல்லாரும் அந்தக் கேள்வியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். "யாருங்க அந்த அம்மா?" என்று இயக்குநர் என்னிடம் கேட்டாள். தெரியாது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "எங்கம்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் டீயை நீட்டினாள். வாங்கி, குடிக்காமல் ஓரமாக வைத்தேன்.

ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை அம்மா பாண்டி பஜார் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். ஊருக்கே மைக் நீட்டுகிற எனக்கு ஒரு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கதவைத் திறந்ததும் அப்பா, "படம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க," என்றாள் அம்மா.

"சிரிப்புப் படமா?"

"ஆமா."

அப்பா என்னைக் காட்டி, "இவளும் சிரிச்சாளா?" என்றார்.

அம்மா தலையிலிருந்த பூவை எடுத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"அவளுக்கு ஏது நேரம்? பாவம், வேலையா இருந்தா."